சீட் பெல்ட் போட்ட ஆம்ப்

அண்ணனுடைய ஆம்ப்பைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தூக்குவதற்கு, ஒருவர் திட்டுவதற்கு. தூக்குவது அண்ணன், திட்டுவது அம்மா.

கிட்டார் சத்தத்தைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபையர் அது. கறுப்பாக, ஒரு சின்ன ஃபிரிட்ஜ் அளவுக்கு இருக்கும். முன்பக்கம் வலைத்துணி, அதற்குப் பின்னால் ஸ்பீக்கர். பின்பக்கம் எட்டிப் பார்த்தால் பழைய ரேடியோவில் இருப்பது போல் கண்ணாடி வால்வுகள் வரிசையாக நிற்கும். சுவிட்சைப் போட்டதும் சத்தம் வந்துவிடாது. வால்வுகள் சூடேறிச் சிவக்க வேண்டும். அதுவரை அண்ணன் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பான். "அவசரப்படுத்தக் கூடாது. ஐயா இப்பத்தான் கண்ணு முழிக்கிறார்" என்பான்.

ஐயா குடியிருந்தது அம்மாவின் துணி அலமாரியில். கீழ்வீட்டு நர்சம்மாவுக்கு இரவு வேலை, பகலில்தான் தூங்குவார். எலக்ட்ரிக் கிட்டாரைப் பகலில் வாசிக்க வேறு வழி தெரியாமல், அண்ணன் ஆம்ப்பை அலமாரிக்குள் ஒரு ஓரமாக வைத்து, தொங்கும் துணிகளைப் பார்த்தபடி திருப்பிவிட்டான். பச்சைக் கம்பளிக் கோட்டு, நைட்டி, போர்வை எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து புறப்பட்டுத்தான் சத்தம் வெளியே வரும். அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பான். அப்படியும் அளவு மீறினால் நர்சம்மா துடைப்பக் கட்டையால் கீழிருந்து ஒரு தட்டுத் தட்டுவார். அண்ணன் உடனே குறைத்துவிடுவான். நேரில் பார்த்தால் இருவரும் ரொம்ப மரியாதை.

வீட்டில் மட்டும்தான் அலமாரி. நிகழ்ச்சிகளுக்கு ஆம்ப் வேனில் போகும். அந்த வேன், வயர் அண்ணனுடையது. எப்போதும் தோளில் ஏதாவது ஒரு வயர் தொங்குவதால் அந்தப் பெயர். கீபோர்டு வாசிப்பதும் பாடுவதும் ஓட்டுவதும் அவரே. தடால் அக்கா டிரம்ஸ். மேடையில் மட்டுமல்ல, கதவைச் சாத்துவது, தும்முவது எல்லாமே அவருக்குத் தடால்தான். இவர்கள் மூன்று பேர்தான் குழு. மூவரும் முன்னால் உட்காருவார்கள். பின்னால் டிரம்ஸ் போக மிச்சம் இருப்பது ஒரே ஒரு சீட். அதில் ஆம்ப் உட்காரும், சீட் பெல்ட் போட்டுக்கொண்டு. சாமான்களோடு போட்டால் குலுங்கி வால்வு உடைந்துவிடுமாம்.

அந்த ஒரு சீட்டில்தான் என் கதை இருக்கிறது.

ஒத்திகை எங்கள் வீட்டில்தான், நர்சம்மா வேலைக்குப் போன பிறகு நடக்கும்; அப்போதும் ஆம்ப் அலமாரியில்தான். நான் சமையலறையை விட்டு வெளியே வரமாட்டேன். ஆனால் வயர் அண்ணன் பாடும்போது அதற்கு மேலே ஒரு குரல் ஓடினால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். தோன்றியதைப் பாத்திரம் கழுவிக்கொண்டே பாடிவிடுவேன். குழாய்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்திருந்தேன். ஒருநாள் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை.

கூடத்தில் எல்லாம் நின்றுபோனது. தடால் அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றார். "ஏய் குட்டி, இவ்வளவு நாளா இதை இங்கேயா ஒளிச்சு வச்சிருந்த?"

நான் கையிலிருந்த தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெயில்காலம் வந்தால் குழு கடலோர ஊர்களுக்குப் போகும். ஓட்டல் ஓட்டலாக, ஊர் ஊராக. இந்த வருஷம் என்னையும் இரண்டாவது குரலுக்குக் கூட்டிப் போகலாம் என்றார் வயர் அண்ணன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பிறகு எனக்குப் பெரிய பயணம் என்றால் தெருமுனை மருந்துக்கடைதான். கடல் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் காது சூடாகிவிட்டது.

"கூட்டிட்டுப் போகலாம். உக்கார இடம்?" என்றார் அக்கா.

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் சுவரைப் பார்த்தான்.

மறுவாரம் வயர் அண்ணன் ஒரு சாக்லேட் டப்பா அளவுக்கு ஒரு பெட்டியோடு வந்தார். டிஜிட்டல் பெட்டி. எந்த ஆம்ப்பைக் காட்டினாலும் அதன் சத்தத்தை அளந்து நகல் எடுத்துக்கொண்டு, அதுவாகவே நடிக்குமாம்.

"நடிக்குதுன்னு நீயே சொல்லிட்ட" என்றான் அண்ணன். "ஃபோட்டோவுல இருக்கற நெருப்புல குளிர் காய முடியுமாடா?"

"நகல் எடுத்துப் பார்ப்போம். உன் ஆம்ப் என்ன, மெலிஞ்சா போயிடும்?"

அண்ணனுக்குத் தன் ஆம்ப் மேல் அவ்வளவு நம்பிக்கை. "எடுத்துக்கோ. ஆனா மைக்கை என் காது இருக்கற எடத்துல வை. எனக்கு என்ன கேக்குதோ அதை எடு. அப்பத்தான் உன் டப்பா எவ்வளவு பொய்யின்னு தெரியும்."

கட்டில் ஓரத்தில், அவன் தலை இருக்கும் உயரத்தில் மைக் நின்றது. பெட்டி ஆம்ப்புக்குள் விதவிதமான ஓசைகளை அனுப்பியது: விசில், இரைச்சல், தண்ணீர் கொப்புளிப்பது போல் ஒன்று, ஆம்புலன்ஸ் போல் ஒன்று. கீழிருந்து துடைப்பக் கட்டை தட்டவில்லை. நர்சம்மாவே மாடி ஏறி வந்துவிட்டார். "யாருக்கு என்ன ஆச்சு?" என்று நாடி பிடித்துப் பார்க்கத் தயாராக நின்றார்.

நகல் எடுத்தாகிவிட்டது. அதன் பிறகுதான் பந்தயம்.

"மறைச்சு வச்சு அஞ்சு தடவை மாத்தி மாத்திப் போடு. எது ஆம்ப், எது டப்பான்னு ஒவ்வொண்ணா சொல்றேன். எல்லாம் சரியாச் சொன்னா ஆம்ப் சீட்ல வரும். இதைப் பத்தி அப்புறம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

"தப்பாச் சொன்னா?"

"தப்பாச் சொன்னா அவ சீட்ல வரட்டும்" என்று என்னைக் காட்டினான். "ஆனா தப்பாச் சொல்லவே மாட்டேன்."

ஏற்பாடு இதுதான். அண்ணன் கிட்டாரோடு கூடத்தில். ஆம்ப் வழக்கம்போல் படுக்கையறை அலமாரியில், மைக் அதே கட்டில் ஓரத்தில். கிட்டார் வாசிப்பது ஒரே சமயத்தில் ஆம்ப்புக்கும் பெட்டிக்கும் போகும். இரண்டில் எது கூடத்து ஸ்பீக்கரில் கேட்க வேண்டும் என்பதற்கு ஒரு பட்டன். பட்டனை அமுக்க ஒரு ஆள்.

"நான்தான் அமுக்குவேன்" என்றார் அக்கா.

"நீ அமுக்கினா பட்டன் மிஞ்சாது. தங்கச்சி அமுக்கட்டும்."

"சீட்டுக்கு ஆசைப்படற ஆளையே நடுவராப் போடறியா?" என்றார் வயர் அண்ணன். "நல்லா இருக்கே நியாயம்."

"என் தங்கச்சி பொய் சொல்லமாட்டா. அவ பேசவே மாட்டா, இதுல பொய் எங்க சொல்றது?"

சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

பந்தயத்தன்று காலையில் என்னைக் கீழே அனுப்பினார்கள், நர்சம்மாவிடம் சொல்லி அனுமதி வாங்க. அவர் விஷயத்தையெல்லாம் கேட்டுவிட்டு, "எது ஜெயிச்சா சத்தம் குறையும்?" என்றார். பிறகு, சரி என்று தலையாட்டினார். திரும்பி வந்தபோது படுக்கையறை பளிச்சென்று இருந்தது. புது விரிப்பு, துடைத்த ஜன்னல். அலமாரிக்குள் ஆம்ப் தனியாக, வந்த விருந்தாளி போல் உட்கார்ந்திருந்தது. அம்மா அதற்குக்கூட மரியாதை கொடுத்துவிட்டாளே என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

கதவைச் சாத்திவிட்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, பட்டனுக்கு முன்னால் உட்கார்ந்தேன். கூடத்தில் கேட்பதுதான் எனக்கும் கேட்கும்.

"ஒண்ணு!" என்று கத்தினார் வயர் அண்ணன்.

ஆம்ப்பைப் போட்டேன். அண்ணன் அவனுக்குப் பிடித்த மெதுவான பகுதியை வாசித்தான். ஒவ்வொரு சுரமும் பித்தளை வாளியில் விழுந்த காசு மாதிரி கணீரென்று கூராகக் கேட்டது. பதற்றத்தில் எனக்குத்தான் காது இப்படி ஆகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"டப்பா!" கதவைத் தாண்டி வந்தது அண்ணனின் குரல். "தகரம்! குழந்தைகூடச் சொல்லும்!"

"ரெண்டு!"

பெட்டியைப் போட்டேன். வழக்கமாகச் சமையலறையில் கேட்பேனே, அந்த இதமான, கனமான சத்தம் வந்தது.

"இதோ வந்துட்டார் ஐயா!" என்றான் அண்ணன். "எப்படி மூச்சு விடறார் பாருங்க. இதையாடா கம்ப்யூட்டர்ல பண்ணுவீங்க?"

மூன்றாவதற்கு மறுபடி ஆம்ப். மறுபடி "டப்பா!" என்றான். இந்த முறை சத்தத்துக்குப் பின்னால் கிணுகிணுவென்று ஏதோ கேட்டது. ஹெட்ஃபோனைக் கழற்றித் திரும்பிப் பார்த்தேன். அலமாரிக் கம்பியில் துணி மாட்டும் கொக்கிகள் வெறுமனே தொங்கி ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. கோட்டு இல்லை, நைட்டி இல்லை, போர்வை இல்லை. சத்தம் நேராக வெறும் பலகையில் மோதித் திரும்பிக்கொண்டிருந்தது.

நகல் எடுத்த அன்று துணி இருந்தது. இன்றைக்கு இல்லை. பெட்டிக்குள் துணியோடு சேர்ந்த ஆம்ப், அலமாரிக்குள் துணி இல்லாத ஆம்ப்.

"நாலு! என்ன குட்டி, தூங்கிட்டியா?"

பட்டனை அமுக்கினேன். விரல் தன் பாட்டுக்கு வேலை செய்தது. மனசு வேறு கணக்குப் போட்டது. நான் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. சரியாகத்தான் அமுக்குகிறேன். அண்ணன் தப்பாகச் சொல்கிறான், அவன் வைத்த பந்தயம், அவன் வாயாலேயே தோற்கிறான். நான் செய்ய வேண்டியது எனக்குக் கைவந்த ஒன்றுதான், பேசாமல் இருப்பது. பேசாமல் இருந்தால் கடல்.

ஐந்தும் முடிந்தது. கதவைத் திறந்து கூடத்துக்கு வந்தேன்.

"சொல்லும்மா நடுவரே" என்றார் வயர் அண்ணன்.

"அஞ்சும் தப்பு."

தடால் அக்கா சோபாவை ஒரு குத்துக் குத்தினார். வயர் அண்ணன் தோளிலிருந்த வயரைத் தலைக்கு மேல் சுழற்றினார். "சீட் உனக்குத்தான்டி குட்டி!" என்று அக்கா என்னைக் கட்டிக்கொண்டார். அவர் தோளுக்கு மேலாக எனக்கு அண்ணன் முகம் தெரிந்தது. அவன் கோபப்படவில்லை. யாரோ பஸ்ஸில் ஒரு நிமிடம் பிடிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போன பொருளைப் பார்ப்பது போல் கையிலிருந்த கிட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அலமாரி காலியா இருக்கு" என்றேன்.

அக்காவின் ஆரவாரத்தில் யாருக்கும் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாக்கியத்தை இரண்டாவது தடவை, அதுவும் சத்தமாகச் சொன்னேன். "அலமாரியில துணி இல்ல! துணி இருந்தப்பதான் நகல் எடுத்தாங்க. இப்ப எல்லாம் பலகைல மோதுது. அதான் தகரம் மாதிரி கேக்குது. இது சரியான பந்தயம் இல்ல."

எல்லோரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னை என்ன பாக்கறீங்க?" என்றாள் அம்மா. "நாலு பேர் வந்து போற எடத்துல என் நைட்டியையெல்லாம் கண்காட்சி வைக்கணுமா? எல்லாம் கட்டிலுக்கு அடியில டிரங்குப் பெட்டியில இருக்கு. யாரும் தொடக் கூடாது."

அம்மாவும் நானும் மட்டும் உள்ளே போய்த் துணிகளைத் திரும்ப மாட்டினோம். அண்ணன் கதவுக்கு வெளியே நின்று, "பச்சைக் கோட்டு ஓரத்துலம்மா, ஆம்ப் பக்கமா" என்றான்.

"என் கோட்டு எங்க இருக்கும்னு தெரியுது. உன் சட்டை எங்கன்னு மட்டும் தினமும் என்னைக் கேளு."

மறுபடி வாசித்தான். முதலாவதைச் சரியாகச் சொன்னான். இரண்டாவது தப்பு. மூன்றாவதற்கு வாயைத் திறக்கவே இல்லை. ஹெட்ஃபோனில் எனக்குமே வித்தியாசம் தெரியவில்லை. நானே அமுக்கியிருந்தும் பட்டனைக் குனிந்து பார்த்துத்தான் எது ஓடுகிறது என்று தெரிந்துகொண்டேன்.

கதவு திறந்தது. அண்ணன் உள்ளே வந்து ஆம்ப்பை அலமாரியிலிருந்து வெளியே இழுத்தான். தூக்கிக்கொண்டு போய்க் கூடத்தின் நடுவில் வைத்து, மேடையில் வைப்பது போலவே வைத்து, ஒரு சுரத்தை அடித்தான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழிருந்து துடைப்பக் கட்டை உடனே பதில் சொன்னது.

"மேடையில உங்களுக்கு இப்படியா கேக்கும்?" என்றான்.

அக்காவும் வயர் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆமா" என்றார் அக்கா. "காது கிழியும்."

"எப்பவுமா?"

"எப்பவும்தான். அதுதான் உனக்குப் பிடிச்ச சத்தம்னு நினைச்சோம்."

"ஏன் ஒரு தடவைகூடச் சொல்லல?"

"நீ கண்ணை மூடிக்கிட்டு அவ்வளவு சந்தோஷமா வாசிப்ப. எப்படிச் சொல்றது?"

"நான் ஆம்ப் பக்கத்துக் காதுல பஞ்சு வச்சுப்பேன்" என்றார் வயர் அண்ணன், குற்றவாளி போல.

அண்ணன் ஆம்ப் மேலேயே உட்கார்ந்துவிட்டான். "நான் என்னன்னா, போற ஹாலையெல்லாம் திட்டிட்டு இருந்தேன். இந்த ஹால் மோசம், அந்த ஹால் மோசம்னு."

"ஹால்காரங்ககிட்ட சண்டை வேற போட்டியே. ஒரு ஓட்டல்ல திரைச்சீலையை மாத்தச் சொன்ன" என்றார் அக்கா.

"அது மட்டும் சரியாச் சொல்லியிருக்கேன் பாரு" என்றான் அண்ணன். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பாதியில் நின்றது. "அப்ப இத்தனை வருஷமா நான் என் சத்தம்னு நினைச்சது என்னோடது இல்ல. ஆம்ப்போடதும் இல்ல. அம்மாவோட பச்சைக் கோட்டு."

"நல்ல கோட்டுதான் அது" என்றாள் அம்மா. "தள்ளுபடியில எடுத்தது."

ஆம்ப் அவனுக்குக் கீழே மெல்ல முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"இந்த அலமாரி உன் வேன்ல ஏறுமா?" என்று கேட்டான் அண்ணன். அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. வயர் அண்ணனும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல், எழுந்து போய்க் கையால் சாண் போட்டு அளந்து பார்த்துவிட்டு வந்தார்.

"கதவுல நுழையாது."

"அப்ப டப்பாவைக் கொடு. அலமாரி அதுக்குள்ளதானே இருக்கு." கையை நீட்டி வாங்கிக்கொண்டான். உடனே விறைத்துக்கொண்டான். "ஆனா ஒண்ணு. நான் தோத்ததால எடுத்துட்டுப் போகல. பந்தயம் செல்லாதுன்னு நடுவரே சொல்லிட்டா. அப்புறம், ஆம்ப் முன்னாடி நின்னு வாசிச்சா பேண்ட் கால் படபடன்னு ஆடும். முட்டி வரைக்கும் அடிக்கும். உங்க கம்ப்யூட்டர் அதைப் பண்ணுமா?"

"மேடைக்கு ஒரு டேபிள் ஃபேன் எடுத்துட்டு வர்றேன்" என்றார் அக்கா. "நல்லா ஆடும்."

"அப்ப இந்தப் பிசாசு?" அம்மா ஆம்ப்பைக் காலால் காட்டினாள். "வேன்லயும் போகலன்னா?"

"அலமாரியிலதான்மா இருக்கும். பெட்டி மேடைக்கு, ஐயா வீட்டுக்கு. நான் இதை விட்டுட்டேன்னு யார் சொன்னா?"

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அன்றைக்கு உண்மையில் தோற்றது அவள் ஒருத்திதான். அந்தக் கோபத்திலேயே என் பக்கம் திரும்பினாள். "இவளை வேற கூட்டிட்டுப் போறீங்களாக்கும். மருந்துக்கடைக்குப் போயிட்டு வந்தாலே நாலு டம்ளர் தண்ணி குடிக்கிறவ. கூட்டத்தைப் பாத்தா மயங்கி விழுந்துடுவா. வேணாம்."

எல்லோரும் எனக்காகப் பேச வாயெடுத்தார்கள். அக்கா மூச்சை இழுத்துவிட்டார், தடால் வரப்போகிறது என்று தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன்.

"நான் போறேன்மா" என்றேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரே நாளில் நான் இவ்வளவு பேசி அவள் பார்த்ததில்லை. "போய்த்தான் பாரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அது அனுமதியா சவாலா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள நான் முயலவில்லை.

கிளம்பிய அன்று வேனில் ஏறி அந்தச் சீட்டில் உட்கார்ந்தேன். ஆம்ப்பின் கனத்தில் சீட்டின் ஒரு பக்கம் அமுங்கிப் பள்ளமாகிக் கிடந்தது. நிமிர்ந்து உட்கார முடியாமல் ஜன்னல் பக்கமாகச் சாய்ந்தே இருந்தேன். அண்ணன் முன்னால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பிடிக்காத சொந்தக்காரரின் குழந்தையைச் சுமப்பது போல் பிடித்துக்கொண்டிருந்தான். கடைத்தெரு போனது. மருந்துக்கடை போனது. அதற்கு அப்பால் எதுவும் எனக்குத் தெரிந்த இடமில்லை. வீடுகள் குறைந்து மரங்கள் வந்தன. வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாம் அழகாகத்தான் இருந்தது, வயிறு ஒரு புரட்டுப் புரட்டும்வரை.

"அக்கா" என்றேன். "நிறுத்தச் சொல்லுங்க."

ஓரமாக நிறுத்தினார்கள். நான் ஓடிப்போய் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு காலையில் சாப்பிட்டதையெல்லாம் கொட்டினேன். அக்கா தண்ணீர் பாட்டிலோடு வந்து முதுகைத் தடவிவிட்டார், அதுவும் கொஞ்சம் தடாலென்றுதான்.

அண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "ஆம்ப் ஒருநாளும் வண்டியை நிறுத்தச் சொன்னதில்ல" என்றான். "அதையும் நினைச்சுப் பாருங்க."

"திரும்பிப் போகலாமா குட்டி?" என்று மெல்லக் கேட்டார் அக்கா. "வீட்டுல விட்டுட்டு வர்றோம், பரவாயில்ல."

வாயைக் கொப்புளித்துத் துப்பினேன். அவருக்கு முன்னால் ஓடி ஏறி, பள்ளத்தில் சரிந்து உட்கார்ந்து, வேன் கதவை உள்ளிருந்து நானே இழுத்துச் சாத்தினேன். அக்கா சாத்துவதைவிடச் சத்தமாக விழுந்தது.